கம்ப்யூட்டர் விடையும் நம் விடையும்: பிரதியிடல் முறையில் தொகையிடல்

என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும், "மாமா, கணக்குப் போட இதில் ஏதாவது புரோகிராம் இருக்கா?" என்று கேட்டாள். மேக்ஸிமா என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கித் தொகையிட வேண்டிய கணக்கு ஒன்று. அவள் போட்ட விடையைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் கம்ப்யூட்டர் தந்த விடையை எழுதியிருந்தாள்.

"நான் போட்டது தப்பு மாமா. கம்ப்யூட்டர் வேற விடை சொல்லுது."

அவள் அடித்த விடை சரியானது. கம்ப்யூட்டரின் விடையும் சரியானது. அது எப்படி என்று பிறகு பார்ப்போம். அதே நோட்டில் மூன்று பக்கம் தள்ளி இன்னொரு கணக்கு இருந்தது. அதில் விடை 2 என்று போட்டு, தானே ஒரு பெரிய டிக்கும் போட்டிருந்தாள். சரியான விடை 78! அந்தக் கணக்கை அவள் கம்ப்யூட்டரில் போட்டே பார்க்கவில்லை. சரியானதை அடித்து, தவறானதற்கு டிக் போட்ட அந்த நோட்டுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் வீட்டில் பிளஸ் டூவோ கல்லூரி முதலாண்டோ படிக்கும் பிள்ளை இருந்தால், இதில் உள்ளவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்து பார்த்துவிடலாம். இரண்டு புரோகிராம்கள் போதும். ஒன்று எக்செல். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். கீழே சொல்லும் எல்லாமே இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். இன்னொன்று மேக்ஸிமா.

ஒரு சின்ன ஏற்பாடு. கட்டளைகளையும் செல் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தைத் தட்டுங்கள். ஏ1 என்றால் ஏ வரிசையின் முதல் செல். சம் என்றால் எஸ், யு, எம். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, அடுக்குக்கு ^ குறி. இந்தக் குறி 6-ஆம் எண் கீயில் இருக்கிறது. ஷிப்டை அழுத்திக்கொண்டு தட்ட வேண்டும்.

பிரதியிடல் என்றால் என்ன நடக்கிறது?

பாடப்புத்தகத்தில் "யு எனப் பிரதியிடுக" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் கணக்கு பாதி முடிந்திருக்கும். இதை ஒரு குறுக்கு வழி போலத்தான் பலரும் மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் அது அளவுகோலை மாற்றும் வேலை.

தொகையிடல் என்பது வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. அந்தப் பரப்பை மெல்லிய பட்டைகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் உயரம், ஓர் அகலம். உயரம் என்பது சார்பின் மதிப்பு. அகலம்தான் டிஎக்ஸ். மாணவர்கள் டிஎக்ஸை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் முற்றுப்புள்ளி போல நினைக்கிறார்கள். அது முற்றுப்புள்ளி அல்ல, பட்டையின் அகலம்.

எளிய உதாரணம்:

∫ காஸ்(3எக்ஸ்) டிஎக்ஸ்

யு = 3எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ் ஓர் அடி நகர்ந்தால் யு மூன்று அடி நகரும். அதாவது யு அளவுகோலில் ஒவ்வொரு பட்டையும் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். உயரம் மாறவில்லை. அப்படியே கூட்டினால் பரப்பு மூன்று மடங்கு அதிகமாக வந்துவிடும். ஆகவே மூன்றால் வகுக்க வேண்டும். டியு = 3 டிஎக்ஸ் என்று எழுதுவதன் பொருள் இவ்வளவுதான். விடை சைன்(3எக்ஸ்)/3 + சி. அந்த 3-ஐ மறந்துவிட்டால், பைசாவில் எண்ணிய பணத்தை ரூபாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இந்த உதாரணத்தில் அளவுகோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்கிறது. ஆனால் யு = எக்ஸ்² + 1 போன்றவற்றில் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு மாதிரி நீளும். இங்கேதான் எக்செல் நமக்கு உதவப் போகிறது.

78 வர வேண்டிய கணக்கு

மருமகள் டிக் போட்ட கணக்கு இது. எல்லைகள் 0 முதல் 2 வரை.

∫ எக்ஸ் (எக்ஸ்² + 1)³ டிஎக்ஸ்

எதை யு என்று வைப்பது? இதற்கு ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: உள்ளே உட்கார்ந்திருக்கும் கோவையை வகையிட்டால் வருவது, வெளியே பெருக்கலாக நிற்கிறதா? அடைப்புக்குள் எக்ஸ்² + 1. அதன் வகைக்கெழு 2எக்ஸ். வெளியே எக்ஸ் நிற்கிறது. 2 இல்லையே என்றால், அது வெறும் எண். அதை நாம் சரிக்கட்டிக் கொள்ளலாம். எக்ஸ் இல்லாமல் போனால்தான் சரிக்கட்ட முடியாது.

யு = எக்ஸ்² + 1. டியு = 2எக்ஸ் டிஎக்ஸ். ஆகவே எக்ஸ் டிஎக்ஸ் = டியு/2. கணக்கு ∫ (யு³/2) டியு என்று ஆகிறது. தொகையிட்டால் யு⁴/8.

இதுவரை மருமகள் சரியாகத்தான் போட்டிருந்தாள். அடுத்து எல்லைகளை இட வேண்டும். அவள் 2 என்றும் 0 என்றும் இட்டாள். 16/8, கழித்தல் 0, விடை 2. ஆனால் அந்த 0-வும் 2-வும் எக்ஸின் எல்லைகள். இப்போது நாம் நிற்பது யு அளவுகோலில். எக்ஸ் 0 ஆகும்போது யு 1. எக்ஸ் 2 ஆகும்போது யு 5. ஆகவே (625 − 1)/8 = 78.

"இதை எப்படி நம்புவது? நீங்க சொல்றதால 78 என்று எழுதவா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. எக்செலைத் திறக்கச் சொன்னேன்.

ஏ1 செல்லில் 0.05 என்றும், ஏ2 செல்லில் 0.15 என்றும் டைப் செய்யுங்கள். இரண்டையும் மவுஸால் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்வின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து ஏ20 வரை கீழே இழுங்கள். எண்கள் தாமாகவே நிரம்பும். கடைசி எண் 1.95 ஆக இருக்க வேண்டும். 0 முதல் 2 வரையுள்ள தூரத்தை 20 பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையின் நடுப்புள்ளியை எழுதியிருக்கிறோம். ஒரு பட்டையின் அகலம் 0.1.

இப்போது பி1 செல்லில் உயரத்துக்கான பார்முலா:

=ஏ1*(ஏ1^2+1)^3

என்டர் தட்டிவிட்டு, மறுபடி பி1-ஐக் கிளிக் செய்து, அதே சின்னச் சதுரத்தைப் பிடித்து பி20 வரை இழுங்கள். பி22 செல்லில்:

=சம்(பி1:பி20)*0.1

திரையில் 77.70-க்கு மிக அருகில் ஒரு எண் வரும். பட்டைகளின் மேல்பக்கம் தட்டையாக இருப்பதால் கொஞ்சம் குறைகிறது. அகலத்தை 0.01 ஆக்கி, 0.005-இல் தொடங்கி 200 வரிகள் போட்டால் 77.997 வரும். எப்படிப் பார்த்தாலும் 2-க்குப் பக்கத்தில்கூட வராது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு வேலை செய்து பார்த்தபோதுதான் அவள் முகம் மாறியது. சி1-இல் 1.1, சி2-இல் 1.3 என்று போட்டு சி20 வரை இழுத்தோம். கடைசி எண் 4.9. இது யு அளவுகோல். 1 முதல் 5 வரை, பட்டை அகலம் 0.2. டி1-இல்

=சி1^3/2

என்று போட்டு, இதையும் டி20 வரை இழுத்தோம். டி22-இல் சம்(டி1:டி20)*0.2 போட்டால் 77.94. முற்றிலும் வேறு எண்கள், வேறு உயரம், வேறு அகலம், ஆனாலும் இரண்டும் 78-ஐத்தான் சுற்றி வருகின்றன. சார்பு, அகலம், எல்லை மூன்றையும் மாற்றினால் பரப்பு மாறாது. மூன்றில் ஒன்றை மாற்றாமல் விட்டாலும் அது வேறு ஏதோ ஒரு பரப்பு.

டியு = 2எக்ஸ் டிஎக்ஸ் என்பதையும் இதே ஷீட்டில் கண்ணால் பார்க்கலாம். முதல் பட்டை எக்ஸ் 0-இலிருந்து 0.1 வரை. அப்போது யு 1-இலிருந்து 1.01-க்குப் போகிறது. அகலம் வெறும் 0.01. கடைசிப் பட்டை 1.9-இலிருந்து 2 வரை. யு 4.61-இலிருந்து 5-க்குத் தாவுகிறது. அகலம் 0.39. எக்ஸில் இரண்டு பட்டைகளுக்கும் ஒரே அகலம்தான். யுவில் 39 மடங்கு வித்தியாசம். இப்போது 2எக்ஸ் டிஎக்ஸ் போட்டுப் பாருங்கள். 2 × 0.05 × 0.1 = 0.01. 2 × 1.95 × 0.1 = 0.39. அப்படியே பொருந்துகிறது. இதைக் கரும்பலகையில் காட்ட எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது. எக்செலில் இரண்டு நிமிட வேலை.

டைப் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

எக்செலில் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் வேலை செய்யும். காஸ்(30) என்று கொடுத்தால் 0.866 வராது, 0.154 வரும். எக்செலில் லாக் என்றால் அடிமானம் 10. தொகையிடலில் வரும் இயல் மடக்கைக்கு எல், என் என்ற இரண்டெழுத்து பங்ஷனைப் பயன்படுத்த வேண்டும். மேக்ஸிமாவில் இதற்கு நேர்மாறாக, லாக் என்றாலே இயல் மடக்கைதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது கவனம் தேவை.

இவற்றைவிட மோசமானது மைனஸ் குறி. எக்செலிலும் கால்க்கிலும் =-2^2 என்று டைப் செய்து பாருங்கள். கணித வழக்கப்படி −4 வர வேண்டும். வருவது 4! இந்த புரோகிராம்கள் முன்னால் இருக்கும் மைனஸை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு வர்க்கம் செய்கின்றன. ஆகவே மைனஸ் எக்ஸ் வர்க்கம் என்பதை -(ஏ1^2) என்று அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள். எனக்கு இது தெரியாமல் ஒரு மாலைப் பொழுது வீணாகியிருக்கிறது.

மேக்ஸிமாவிடம் கேட்போம்

எக்செல் எண்களை மட்டும்தான் தரும். எல்லைகள் இல்லாத கணக்குக்குச் சூத்திரமாகவே விடை வேண்டுமென்றால் மேக்ஸிமா. இன்டர்நெட்டில் மேக்ஸிமா என்று தேடி, அதன் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸுக்கான பைலை டவுன்லோட் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்தால் டபிள்யுஎக்ஸ்மேக்ஸிமா என்ற பெயரில் ஐகான் வரும். அதைத் திறந்து கட்டளையை டைப் செய்து, முடிவில் அரைப்புள்ளி வைத்து, ஷிப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்ட வேண்டும். வெறும் என்டர் தட்டினால் அடுத்த வரிக்குத்தான் போகும். "புரோகிராம் வேலை செய்யவில்லை" என்று எனக்கு வந்த போன்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

இன்டெக்ரேட்(எக்ஸ்*(எக்ஸ்^2+1)^3, எக்ஸ், 0, 2);

78 என்று வரும். பெருக்கல் குறியை விட்டுவிட்டு 2எக்ஸ் என்று சேர்த்து எழுதினால் மேக்ஸிமா ஏற்காது. 2*எக்ஸ் என்றே எழுத வேண்டும். அதேபோல பை என்ற எண்ணை எழுதும்போது முன்னால் சதவீதக் குறி போட வேண்டும்.

கம்ப்யூட்டர் எப்படி இந்தக் கணக்கைப் போடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஸ்லாகிள் என்ற ஆராய்ச்சி மாணவர் செயின்ட் என்ற புரோகிராமை எழுதினார். சூத்திர வடிவில் தொகையிடும் புரோகிராம் அது. 86 கணக்குகள் கொடுத்துச் சோதித்ததில் 84-ஐப் போட்டது. அந்த 86-இல் 54 கணக்குகள் எம்.ஐ.டி.யின் முதலாண்டுத் தேர்வுத்தாள்களிலிருந்து எடுக்கப்பட்டவை. மாணவர்கள் செய்வது போலவே இதைப் போட்டுப் பார்ப்போம், அதைப் போட்டுப் பார்ப்போம் என்று தேடித் தேடிப் போடும் புரோகிராம். பிறகு 1967-இல் அதே இடத்தில் ஜோயல் மோசஸ் என்பவர் எழுதிய புரோகிராமின் பெயர் சின். ஆங்கிலத்தில் செயின்ட் என்றால் புனிதர், சின் என்றால் பாவம். பெயர் வைத்தவர்களின் குறும்பு!

சின் புரோகிராம் கண்மூடித்தனமாகத் தேடாது. முதலில் ஒரே ஒரு சோதனை செய்யும். கோவைக்குள் இருக்கும் ஒரு பகுதியை எடுத்து, அதன் வகைக்கெழுவால் முழுவதையும் வகுத்துப் பார்க்கும். மிச்சம் இருப்பதில் அந்தப் பகுதியும் வெறும் எண்களும் மட்டுமே இருந்தால் கணக்கு முடிந்தது. நாம் மேலே கேட்ட "உள்ளே இருப்பதன் வகைக்கெழு வெளியே நிற்கிறதா?" என்ற அதே கேள்விதான்! பிரதியிடல் முறைதான் கம்ப்யூட்டரும் முதலில் எடுக்கும் ஆயுதம். 1968-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மேக்ஸிமா என்ற பெரிய புரோகிராமில் மோசஸின் வேலையும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் ஒய் என்ற எழுத்து உண்டு. இன்று நாம் இன்ஸ்டால் செய்வது அதன் வாரிசு. வில்லியம் ஷெல்ட்டர் என்ற கணிதப் பேராசிரியர் 1982 முதல் 2001-இல் காலமாகும் வரை இதைப் பராமரித்தார். 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையிடம் அனுமதி வாங்கி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டவரும் அவர்தான்.

சரி, அடிக்கப்பட்ட விடைக்கு வருவோம்.

இன்டெக்ரேட்(சைன்(எக்ஸ்)*காஸ்(எக்ஸ்), எக்ஸ்);

மருமகள் யு = சைன் எக்ஸ் என்று வைத்து, சைன்²எக்ஸ்/2 என்று எழுதியிருந்தாள். மேக்ஸிமா தருவது −காஸ்²எக்ஸ்/2. பார்த்தவுடன் பயப்படத்தான் தோன்றும். ஒன்றில் சைன், இன்னொன்றில் காஸ், போதாததற்கு மைனஸ் வேறு. ஆனால் இரண்டையும் கழித்துப் பாருங்கள். சைன்²எக்ஸ் + காஸ்²எக்ஸ் எப்போதும் 1. ஆகவே முதல் விடைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் ½. எக்ஸ் எதுவானாலும் அதே ½. புத்தகத்தில் ஒவ்வொரு விடைக்குப் பின்னாலும் "+ சி" என்று எழுதச் சொல்கிறார்களே, அந்த சி இந்த ½-ஐ விழுங்கிக் கொள்கிறது. மேக்ஸிமா அந்த சி-யை எழுதுவதே இல்லை. நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதாவிட்டால் மார்க் போய்விடும். மேக்ஸிமாவுக்கு யாரும் மார்க் போடுவதில்லை!

காஸ் எக்ஸை யு என்று வைத்திருந்தால் மருமகளுக்கும் மேக்ஸிமாவின் விடையே வந்திருக்கும். இரட்டைக் கோணச் சூத்திரத்தைப் பயன்படுத்திய மாணவன் −காஸ்(2எக்ஸ்)/4 என்று எழுதுவான். மூன்றும் ஒரே விடை. இரண்டு விடைகள் வேறாகத் தெரிந்தால் எதையும் அடிக்காமல் மேக்ஸிமாவிடமே கேட்கலாம்:

டிரிக்சிம்ப்(சைன்(எக்ஸ்)^2/2 + காஸ்(எக்ஸ்)^2/2);

முக்கோணவியல் கோவைகளைச் சுருக்கும் கட்டளை இது. ஆங்கிலத்தில் டி, ஆர், ஐ, ஜி, எஸ், ஐ, எம், பி. வருவது 1/2. அதாவது வெறும் எண். வெறும் எண் வந்தால் இரண்டு விடையும் சரி; எக்ஸ் மிஞ்சியிருந்தால் ஏதோ ஒன்று தவறு. இன்னொரு வழி, உங்கள் விடையை வகையிட்டுப் பார்ப்பது. டிப் என்ற கட்டளை (டி, ஐ, எப், எப்):

டிப்(சைன்(எக்ஸ்)^2/2, எக்ஸ்);

வினாவில் இருந்த கோவையே திரும்பி வந்தால் உங்கள் விடை சரி. வேறு எந்த விடையோடும் ஒப்பிடத் தேவையில்லை. இந்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. தேர்வு அறையில் கம்ப்யூட்டர் இருக்காது, ஆனால் வகையிட்டுப் பார்க்கப் பேனா போதும்.

ஓர் எக்ஸ் இல்லாவிட்டால்

2.718 என்று தொடங்கும் இ எண்ணை வைத்து இரண்டு கணக்குகள்:

∫ எக்ஸ் இ^(−எக்ஸ்²) டிஎக்ஸ்
∫ இ^(−எக்ஸ்²) டிஎக்ஸ்

முதலாவது ஒரே வரி. யு = −எக்ஸ்² என்று வைத்தால் டியு = −2எக்ஸ் டிஎக்ஸ்; வெளியே எக்ஸ் இருக்கிறது. விடை −இ^(−எக்ஸ்²)/2 + சி. இரண்டாவதில் அந்த ஓர் எக்ஸ் மட்டும் இல்லை. "வெளியே எக்ஸால் வகுத்துக் கொள்ளலாமே" என்று பலரும் அதையும் −2எக்ஸால் வகுத்து விடை எழுதிவிடுகிறார்கள். எண்ணைத்தான் அப்படி வெளியே எடுக்கலாம், எக்ஸை எடுக்க முடியாது. எழுதிய விடையை டிப் கட்டளையில் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மேக்ஸிமாவிடம் இரண்டாவதைக் கேட்டால் எர்ஃப் என்ற பெயரில் ஒரு சார்பைத் தரும். அது விடை என்பதைவிட, விடைக்கு வைத்த பெயர் என்று சொல்லலாம். நமக்குத் தெரிந்த அடுக்கு, சைன், மடக்கை ஆகியவற்றால் இதன் தொகையை எழுதவே முடியாது. எவற்றை இப்படி எழுத முடியும், எவற்றை முடியாது என்ற ஆராய்ச்சியை 1830-களில் தொடங்கி வைத்தவர் லியூவில் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. சூத்திரம் இல்லாவிட்டாலும் பரப்பு இருக்கிறது. எக்செலில் 0 முதல் 1 வரை 20 பட்டைகள் போட்டால் 0.7469 கிடைக்கும். முதல் நடுப்புள்ளி 0.025, அகலம் 0.05. 1.46 என்று வந்தால் மைனஸ் குறிக்கு அடைப்புக்குறி போட மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

விடை பூஜ்யமா?

கடைசியாக ஒரு கணக்கு. −1 முதல் 1 வரை எக்ஸ்²-ஐத் தொகையிட வேண்டும். பிரதியிடலே தேவையில்லாத கணக்குதான். எக்ஸ்³/3 என்று போட்டு 2/3 என்று எழுதிவிடலாம். ஆனால் புதிதாகக் கற்ற உற்சாகத்தில் யு = எக்ஸ்² என்று வைத்தால் என்ன ஆகும்? எல்லைகளை மறக்காமல் மாற்றுகிறோம். எக்ஸ் −1 ஆகும்போது யு 1. எக்ஸ் 1 ஆகும்போதும் யு 1. 1 முதல் 1 வரை தொகையிட்டால் பூஜ்யம்! எக்செலில் போட்டால் 0.665. வளைகோடு முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கிறது, பரப்பு பூஜ்யமாக முடியாது.

தவறு எங்கே? எக்ஸ் −1-இலிருந்து 0-க்கு வரும்போது யு 1-இலிருந்து 0-க்கு இறங்குகிறது. பிறகு எக்ஸ் 1-ஐ நோக்கிப் போகும்போது யு வந்த வழியே திரும்பி 1-க்கு ஏறுகிறது. போன பாதையிலேயே திரும்பி வந்ததை, நகரவே இல்லை என்று எழுதிவிட்டோம். இடப்பக்கத்தில் எக்ஸ் = −√யு, வலப்பக்கத்தில் எக்ஸ் = +√யு. இரண்டையும் ஒரே √யு என்று எழுதியதுதான் பிழை. 0-இல் இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் 1/3, கூட்டினால் 2/3. எக்ஸைக் கொண்டு யு கிடைத்தால் போதாது. யுவைக் கொண்டு எக்ஸுக்குத் திரும்பிப் போகும்போது ஒரே வழிதான் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மருமகளுக்குக் கொடுத்துவிட்டு வந்த கணக்கை உங்களுக்கும் தருகிறேன். எல்லைகள் 0 முதல் 3 வரை:

∫ எக்ஸ் √(எக்ஸ் + 1) டிஎக்ஸ்

இதில் உள்ளே இருக்கும் எக்ஸ் + 1-இன் வகைக்கெழு வெறும் 1. வெளியே நிற்கும் எக்ஸ் அதோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். அதை யு − 1 என்று எழுதிக்கொண்டால் வழி பிறக்கும். எல்லைகள் 1, 4 என்று ஆகும். விடை 116/15. ஷீட்டில் ஏ1-இல் 0.075, ஏ2-இல் 0.225 என்று தொடங்கி ஏ20-இல் 2.925 வரை இழுங்கள். வர்க்கமூலத்துக்கு எஸ், க்யூ, ஆர், டி என்ற பங்ஷன். கூட்டுத்தொகையை 0.15-ஆல் பெருக்கினால் 7.73 வர வேண்டும். வராவிட்டால் முதலில் பி1-இல் உள்ள அடைப்புக்குறிகளைப் பாருங்கள், பிறகு நோட்டைப் பாருங்கள்.